தட்டிப் போட்ட மாத்திரை

தலைமைப் பொறுப்பேற்றுத் தளர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் எங்கள் ஏலத்தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் சீனிச்சாமி அண்ணன் அவர்களே! அழைத்ததும் மருந்துப் பெட்டியோடு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே! சிலமலையின் சீர்மிகு பெரியோர்களே! விடியுமுன்னே தூக்குவாளியோடு மலையேறி, ஏலம் மணக்கும் கைகளோடு இறங்கி வரும் என் தாய்மார்களே! ஜீப்பு ஓட்டும் வேலுச்சாமி உங்கள் அனைவரையும் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். "ஜீப்புக்காரனுக்கு எதுக்குய்யா இம்புட்டுத் தமிழு?" என்று அங்கே யாரோ கேட்பதும் காதில் விழுகிறது. வளைவுக்கு வளைவு ஆரன் அடித்துப் பழகியவன் நான். எனக்கு அடக்கிப் பேச வராது. இப்போதுதான் திறந்து வைத்தோம் மதினி ஜக்கம்மாளின் படத்தை. மாலைக்கு நடுவே இருந்துகொண்டு, "என்ன தம்பி, வண்டிய எடுக்கலயா?" என்று கேட்பதுபோலவே பார்க்கிறார்கள். எப்படி எடுப்பேன் மதினி? முன்சீட்டில் உங்கள் இடம் காலியாக இருக்க, எந்த மனத்தோடு எடுப்பேன்?

தாய்மார்களே! மாத்திரை என்ற சொல்லுக்கு நம் தமிழில் அளவு என்று பொருள். ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. குறிலை நெடிலாக்கினால் சொல்லே மாறிவிடும். படி என்பது பாடி ஆகிவிடும். எழுத்துக்கே இந்தக் கதி என்றால், உயிருக்கு என்ன கதி?

மதினிக்கு ரத்த அழுத்தம். மாத்திரையை வாயில் வைத்தாலே குமட்டும். தொண்டையில் ஒட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரும். அதைக் காணப் பொறுக்காமல் நம் ராக்கையா அண்ணன் என்ன செய்தார்? ஏலக்காய் தட்டும் சின்ன உரலில் மாத்திரையையும் சேர்த்துத் தட்டினார். பால் விடாத கட்டங்காப்பியில் கலந்து, ஆற்றி, மனைவி கையில் கொடுத்தார். எத்தனை புருஷன்மாருக்கு இந்த மனசு வரும்? கை தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கையையும் காணோம். அவர் பல வருஷம் கொடுத்தார். அந்தப் பழைய மாத்திரை தட்டினாலும் தாங்கியது. ஒரு குறையும் வரவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றினார்கள். புதிய மாத்திரை. பளபளவென்று மேலே பூச்சு. மருந்துக் கடையில் திருவிழாக் கூட்டம். "காலையில ஒண்ணு போடுங்க" என்றார்கள், அடுத்த ஆளைப் பார்த்தார்கள். போடுங்க! நாம் மாத்திரையை விழுங்குகிறோம் என்றா சொல்கிறோம்? போடுகிறோம் என்றுதானே சொல்கிறோம்! காப்பியில் ஏலக்காயைத் தட்டித்தானே போடுகிறோம்! அண்ணனும் போட்டார். வழக்கம்போலத் தட்டித்தான் போட்டார்.

அன்று காலை ஜீப்பில் ஏறும்போது, "மாத்திரை போட்டாச்சா மதினி?" என்று கேட்டேன். "உங்கண்ணே தட்டிப் போட்டுக் குடுத்துட்டாருப்பா. இன்னைக்கு ஏலக்கா ஒண்ணு சாஸ்தி" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். அதுதான் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு. போடிமெட்டுச் சாலையில் பாதி வளைவு ஏறியிருப்போம். "கண்ணு இருட்டுதுப்பா" என்றார்கள். கூட வேலைக்கு வரும் அனுப்பிரியா பக்கத்தில் இருந்தது, அதன் தோளில் சாய்ந்தார்கள். வண்டியைத் திருப்பினேன். அழுத்தினேன், அலறினேன், ஆரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. அடிவாரம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, மதினி வரவில்லை.

ஏன்? எதனால்? அதை இந்த மருத்துவர் அம்மாதான் எனக்கு விளக்கினார்கள். நமக்குப் புரியும்படி நான் சொல்கிறேன். ஏலக்காய் தோலோடு இருக்கும்வரை மணத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. தட்டினால்? வீடு முழுக்க ஒரேயடியாக மணக்கிறது. அந்தப் புதிய மாத்திரை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்தது. தட்டியதும் ஒரு நாளைக்கான மருந்து முழுவதும் ஒரேயடியாக உடம்பில் இறங்கியது. ரத்த அழுத்தம் மளமளவென்று சரிந்தது. ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்த இதயம் தாங்கவில்லை. நெடிலாக நீள வேண்டியதைக் குறிலாக்கிவிட்டோம், தாய்மார்களே! அறியாமல் ஆக்கிவிட்டோம்!

அங்கே ஒரு அக்கா, "அப்ப மாத்திரையே வேணாம்" என்கிறார்கள். வேண்டாம் அக்கா, அந்தப் பேச்சு வேண்டாம்! மதினியை அத்தனை வருஷம் நம்மோடு மலையேற வைத்ததும் மாத்திரைதான். தட்டலாம் என்று ஒரு மாத்திரை உண்டு. தட்டவே கூடாது என்று ஒரு மாத்திரை உண்டு. பார்த்தால் நமக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

இப்போது நான் பேச வந்ததைப் பேசுகிறேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, ராக்கையா அண்ணன்! அவருக்குச் சர்க்கரை. காலில் புண். மதினி போனதிலிருந்து அவர் மாத்திரையைத் தொடவில்லை. "கொன்ன கையாலயே எப்புடிய்யா மாத்திரையத் தொடுறது?" என்று கேட்டார். புண் பரவுகிறது, இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்து என்கிறார் மருத்துவர்.

அண்ணே! அது கொன்ற கையா? குமட்டுகிற பெண்டாட்டிக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்த கை! அந்தக் கையைக் கொலைக்கை என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கு வாய் வரும்? சொல்லுங்கள் தாய்மார்களே, வருமா? கேட்டீர்களா அண்ணே, ஊரே "வராது" என்கிறது! வாங்க, மேடைக்கு வாங்க. வழி விடுங்கப்பா. இந்தாங்க தண்ணீர். அம்மா, மாத்திரையை அவர் கையில் கொடுங்கள்.

என்ன அண்ணே? கேட்கவில்லை. மைக்கில் சொல்லுங்கள்...

கேட்டீர்களா? அழுதுகொண்டே மருத்துவரிடம் கேட்கிறார்: "ஆத்தா, இத முழுசாப் போடணுமா? தட்டிப் போடணுமா?"

அந்தக் கேள்வி! அன்று அந்தக் கடை வாசலில் நாங்கள் யாருமே கேட்காத கேள்வி! அம்மா "முழுசா" என்கிறார்கள். அண்ணன் விழுங்குகிறார்.

கை தட்டாதீர்கள், சாமிகளா. இன்று தட்ட வேண்டாம். நாளை மருந்து வாங்கும் வாசலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அதுவே மதினிக்கு நீங்கள் போடும் மாலை. பொறுமையாய்க் கேட்ட தலைவருக்கும், பெரியோருக்கும், கண்ணீரோடு இருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. காலையில் வண்டி வழக்கம்போல் வரும். முன்சீட்டை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். வணக்கம்.