நாலாவது வரியில் ஒரு திருத்தம்

முப்பத்தொரு வருடம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவனிடம் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் பிழைதான் கண்ணில் படும். இந்தக் காவல் நிலையத்தில் கையெழுத்துக்காக நீங்கள் நீட்டிய விபத்து அறிக்கையிலும் பட்டுவிட்டது. மூன்று எழுத்துப்பிழைகள், போகட்டும். நாலாவது வரியைத்தான் விட மனம் வரவில்லை. 'இறந்தவருக்கு நிறம் பிரித்தறியும் பார்வை இல்லாததால், சிவப்பு விளக்கைப் பச்சை என்று எண்ணிச் சாலையைக் கடந்தார்' என்று, என் மகள் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, ஐயா. என் மனைவியைப் போல நிறம் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு எனக்குப் பள்ளி வேலை கிடைத்தது. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு. எந்தப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்தாலும் இதேதான். பகலெல்லாம் அந்தச் சூரியனைத் திருத்திவிட்டு வந்து என் படத்தின் முன் உட்கார்ந்தால் கை ஓடாது. அவளோ சமையலறை மேசையில் வெங்காயத் தோலை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன்பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்காட்சி நடத்துகிறவர் ஒருவர் என் படங்களைப் பார்க்க வந்தார். கூடத்தில் இருந்த பதினான்கையும் பார்த்துவிட்டு "ம்" என்றார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போன மனிதர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

"இது யார் சார் போட்டது?"

"வீட்டுல சும்மா கிறுக்குறது" என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

வண்ணங்களை மொத்தமாக வாங்கி வந்து சின்னப் புட்டிகளில் ஊற்றிப் பெயர் எழுதி ஒட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை. அந்த வாரம் பழுப்புப் புட்டியில் 'பச்சை' என்று ஒட்டினேன். பச்சையில் 'பழுப்பு'. செய்தது அவ்வளவுதான்.

"என்னங்க, இந்தப் பச்சை எனக்குப் பழுப்பாத் தெரியுதே?"

"நல்லாப் பாரு. ஜன்னல்ல இருக்கிற இலையும் இதுவும் ஒண்ணாத்தானே இருக்கு? கண்ணு களைச்சிருக்கும், கொஞ்சம் படு."

அடுத்த மாதம் சிவப்பு. அதற்கடுத்து ஊதா. வருடம் திரும்புவதற்குள் அவளே புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். "வெளியில மூச்சு விடாத. நிறம் தெரியாத ஓவியர்னு சிரிப்பாங்க" என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒருநாள் தூரிகைகளைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றச் சொன்னாள். அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதாள். நான் எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு சண்டைகூட இல்லை. தக்காளி பழுத்துவிட்டதா என்பதைக்கூட என்னிடம்தான் கேட்பாள். பாதி நேரம் உண்மையைத்தான் சொன்னேன். பதினெட்டு வருடம் இன்னொருவருக்குக் கண்ணாக இருப்பது லேசுப்பட்ட வேலையில்லை, ஐயா. எனக்கு அசதியாக இருக்கிறது.

வெளியூரில் இருக்கும் மகளிடம் போன மாதம் அவள் இந்த நிற விஷயத்தை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மகள் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை. "பிறவியில இல்லாதது நடுவுல எப்படிம்மா வரும்? இத்தனை வருஷமா ஒரு டாக்டர்கிட்ட காட்டலையா?" என்று கத்தியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கண் மருத்துவரிடம் நேரமும் வாங்கிவிட்டாள். புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்கள். ஐந்து நிமிடச் சோதனை. என் பதினெட்டு வருடம் அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

அன்று வழியெல்லாம் என் மனைவி சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள். "சரியாயிடுச்சுன்னா பரண்ல இருக்கிறதெல்லாம் எறக்கித் தருவீங்களா?"

"தர்றேன்."

மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் அந்த விளக்கை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே கண்ணாடிதான்; அதுவே சிவப்பாகும், அதுவே பச்சையாகும். அவள் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு சிவப்பாத் தெரியுதுங்க."

"பச்சைம்மா. நீ போ, பின்னாலேயே வர்றேன்."

"நீங்க சொன்னா சரி" என்று இறங்கினாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். நின்றிருந்த பேருந்துக்கு அப்பால் லாரி வருவது அவளுக்குத் தெரிய வழியில்லை. எனக்குச் சத்தம் கேட்டது.

அவளை நான் தொடக்கூட இல்லை. ஆகையால் மற்றபடி உங்கள் அறிக்கை சரிதான், விபத்து என்றே இருக்கட்டும். அந்த நாலாவது வரியை மட்டும், 'அவருக்கு எல்லா நிறமும் தெரியும். கணவர் சொன்னதை நம்பினார்' என்று மாற்றிவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். சேதி கேட்டு வந்த மகள், எங்கள் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் ஞாபகமாக வரையப் போகிறாளாம், பரணில் இருப்பதையெல்லாம் இறக்கித் தரச் சொல்கிறாள். பாவம், அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? எது எந்த நிறம் என்று பக்கத்தில் இருந்து நான்தான் சொல்ல வேண்டும்.