மேக்னெட்டோ உள்ள மாப்பிள்ளை

எண்ணூரில் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு ராயபுரத்துக்கு ரயிலில் திரும்பிய ஒருவர், என் எதிரே உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார்: "மாப்ள எப்டியோ இருக்கட்டும்மே. அவங்க வூட்ல மேக்னெட்டோ கீது."

காதைத் தீட்டிக்கொண்டேன். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் விட்டுப்போன சின்ன எஞ்சின் ஒன்றை ஏலத்தில் எடுத்து மாவு மில் ஓட்டியவராம் இவர். அதற்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ எரிந்துபோய், மில் மூடிக்கிடக்கிறது. பழைய இரும்புக் கடையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. அதே மாதிரி எஞ்சின் மாப்பிள்ளை வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் கிடக்கிறதாம்.

"பையன் குடிப்பானான்னு கேட்டியா?"

"மேக்னெட்டோவ கையால சுத்திப் பாத்தேன்மே. முழங்கை வரிக்கும் ஷாக் அட்ச்சுது!"

"நான் பையனக் கேட்டேன்."

"நல்ல பையன்தான். மூஞ்சி பூரா கிரீசு, சரியா தெரில."

அந்த அம்மாள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மேக்னெட்டோ நல்லா கீதுன்னா, அவங்க எஞ்சின் ஏன்யா ஓடல?"

"பிஸ்டன் ஒடஞ்சிபோச்சாம். எங்கியும் கெடைக்கலயாம்."

"நம்ம பிஸ்டன்?"

"அது கல்லு மாறி கீது."

"அதான் பொண்ணு பாக்க வந்த சம்மந்தி நேரா மில்லுக்குள்ள பூந்தாரா? எம்பொண்ண நிமுந்துகூடப் பாக்கல!"

அவர் விரலில் ஒட்டியிருந்த கிரீசை வேட்டியில் துடைத்தார்.

"ரெண்டு எஞ்சினுக்கும் கண்ணாலம் பண்ணு. எம்பொண்ணுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்."

ராயபுரம் வந்ததும் அம்மாள் விடுவிடுவென்று இறங்கினார். பின்னால் இறங்கியவர் நிஜமாகவே யோசித்துக் கேட்டார்: "அப்டியே பண்லாம்மே. ஆனா எஞ்சின யார் வூட்ல வச்சி ஓட்றது?"