போர்வைக்கு அடியில் ஒரு கை

என் கைகள் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். அதனால் யாருடைய கையைத் தொடுவதற்கு முன்னும் உள்ளங்கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்வேன். பேச முடியாத ஒருவரின் கைக்குள் குளிர்ந்த கையை வைத்தால் அவர் திடுக்கிட்டு விரல்களை இறுக்குவார். அதைப் பதில் என்று நாம் தப்பாக எடுத்துக்கொண்டுவிடலாம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் இது.

என் வாக்குமூலத்தை நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

வாய் பேச முடியாமல் போன நோயாளிகளின் சார்பில் பேசுவது என் வேலை. மருத்துவர் முன்னால், நலத்துறை அதிகாரி முன்னால், சில சமயம் நீதிபதி முன்னால். வார்டில் எனக்கு 'இரவல் வாய்' என்று பெயர். "இரவல் வாய் வந்தாச்சு, இனி நாம வாயைப் பொத்திக்க வேண்டியதுதான்" என்பார் தலைமை நர்ஸ். எனக்கு உள்ளூர அதில் பெருமைதான். நோயாளி என்ன நினைக்கிறாரோ அதை மட்டும் நான் சொல்ல வேண்டும். அவருக்கு எது நல்லது என்று சொல்ல அந்த அறையில் மற்ற எல்லோரும் இருக்கிறார்கள்.

முறை எளிமையானது. ஓர் அழுத்து என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. கேள்வியை நேராக ஒரு தடவை, திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் அது பதில். கோத்த கைகளின் மேல் போர்வையை இழுத்துவிட வேண்டும். இந்தப் போர்வை என் ஏற்பாடு. ஒரு மூதாட்டி ஒவ்வொரு அழுத்துக்கும் முன்னால் கட்டிலின் கால்மாட்டில் நின்ற மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போர்வையைப் போட்ட பிறகு, பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தன் பதிலைச் சொன்னார். அடியில் நடப்பது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். ஒருவரால் பேச முடியாது. இன்னொருவர் நான்.

நீங்கள் விசாரிக்கும் இந்த நோயாளி கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். வார்டில் 'விசில்' என்றால்தான் தெரியும். பக்கவாதம் வந்து பேச்சு போனது; வலது கை மட்டும் நல்ல பிடிமானத்தோடு இருந்தது. சர்க்கரை நோயில் இடது பாதம் கறுத்து, கறுப்பு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. முழங்காலுக்கு மேல் எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவைச் சிகிச்சை மருத்துவர். எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் சுயநினைவோடு இருக்கிறவர் வேண்டாம் என்றால் கத்தி வைக்கக் கூடாது. அதைத் தீர்மானிக்கத்தான் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் அவர் மகள் என்னை நடைவழியில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவரு வேண்டாம்னுதான் சொல்வாரு. சொந்தத் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டின மனுஷன். சித்தப்பா அஞ்சு வருஷம் எங்க வீட்டுப் பக்கமே வரல. சொன்னா சொன்னதுதான் அவருக்கு."

"அப்ப அதைத்தாம்மா நானும் சொல்லணும்."

"எனக்கு அவரை விட்டா யாருக்கா இருக்காங்க? நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"நான் உங்கப்பா பக்கம்மா. உன் பக்கம் இல்ல" என்றேன். நல்ல பதில். இன்று யோசித்தாலும் அதில் குறை தெரியவில்லை.

அறையில் மருத்துவர், நலத்துறை அதிகாரி, சட்ட அலுவலர், மகள். நான் கைகளைத் தேய்த்துக்கொண்டேன். போர்வையை இழுத்துவிட்டேன். "ஐயா, காலை எடுக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். கொஞ்சம் காத்திருந்தேன். "காலை எடுக்காம அப்படியே விட்டுடலாமா?" என்று திருப்பிக் கேட்டேன். பிறகு நிமிர்ந்து, "சம்மதிக்கிறார்" என்றேன்.

மகள் சுவரில் சாய்ந்து அழுதாள். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி. அதை நான் தந்தேன் என்பது இதமாக இருந்தது.

முதல் கேள்விக்கு அவர் இரண்டு தடவை அழுத்தினார். ஆட்டத்தை நிறுத்தும் விசில் மாதிரி, பளிச்சென்று. இரண்டாவது கேள்விக்கு ஒரே தடவை, நீளமாக. எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் "சம்மதிக்கிறார்" என்றதும் அவர் மறுபடி அழுத்தத் தொடங்கினார். இரண்டு, இரண்டு, இரண்டு. என் மோதிரம் விரலில் பதிந்து வலித்தது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் போர்வை விலகியிருக்கும்.

மகள் கெஞ்சியதற்காகச் செய்தேன் என்று எழுத வேண்டாம். இத்தனை வருடம் இத்தனை கைகளைப் பிடித்தவளுக்கு, கை சொல்வது ஒன்று, மனம் சொல்வது இன்னொன்று என்று தோன்றிவிட்டது. பயத்தில் சொல்கிறார், பிழைத்து எழுந்தால் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அது முதல் தடவையும் இல்லை. முன்பு ஓர் அம்மாளைப் பார்க்க வெகு தூரத்திலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தார். வரச் சொல்லலாமா என்று கேட்டதற்கு இரண்டு அழுத்து. வாசலில் பையும் கையுமாக நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது? "வரச் சொல்கிறார்" என்றேன். தங்கை உள்ளே வந்ததும் அந்த அம்மாள் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று அதையும் நானே சொன்னேன்.

விசில் பிழைத்தார். மயக்கம் தெளிந்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. நான் கையை நீட்டியபோது தன் கையை விலாவுக்கு அடியில் செருகிக்கொண்டார். வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூடக் கை தரவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பேச்சு அது. அதையும் நிறுத்திக்கொண்டார். மனச்சோர்வு என்று நான் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு பேச்சுப் பயிற்சி தர ஒரு சின்னப் பெண் வந்தாள். எப்படியோ சில வாரங்களில் அந்தக் கையை வெளியே வரவைத்துவிட்டாள். அவளுக்கு என் போர்வை ஏற்பாடெல்லாம் தெரியாது. மகள் பக்கத்தில் நிற்க, போர்வைக்கு மேலேயே, எல்லோரும் பார்க்கும்படி உள்ளங்கையை விரித்து வைத்து, "எடுக்கச் சொன்னது நீங்கதானாங்கய்யா?" என்று கேட்டாளாம். இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார்.

மகள் என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. "நான் மக, கெஞ்சத்தான் செய்வேன். முடியாதுன்னு சொல்றதுக்குத்தானே அக்கா நீங்க இருந்தீங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஆகவே நான் செய்தது குற்றம்தான். என் கையெழுத்தை எங்கே கேட்டாலும் போடுகிறேன்.

இன்னும் ஒன்று மட்டும். இன்று காலை இங்கே வருவதற்கு முன்னால் அவரைப் பார்க்கப் போனேன். மகள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கை வெளியே கிடந்தது. பிடித்துக்கொண்டேன். போர்வையை மேலே இழுத்துவிட்டேன். "ஐயா, என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அழுத்தினார். இரண்டு தடவைதான். ஆனால் பாருங்கள், வந்த பதற்றத்தில் நான் இன்று கைகளைத் தேய்த்துக்கொள்ளவில்லை. சில்லென்ற கை பட்டதில் அவர் திடுக்கிட்டிருப்பார், இரண்டாவது அழுத்து அதனால் வந்தது. கணக்கில் வருவது ஒன்றுதான். களைத்துக் கிடக்கிறவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை.

மன்னித்துவிட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் சார்பில் நான் சொல்கிறேன்.