கொல்லையில் காயும் கிண்ணம்

உள்ள வாங்க நர்ஸம்மா, வாசல்ல நின்னு பேசுற விஷயமா இது? செருப்பைக் கழட்டிட்டு இப்படிக் கணப்புகிட்ட உக்காருங்க. இல்ல, இந்த வீட்டுல நோயாளி யாருமில்ல. கொல்லையில ஒத்தைக் கிண்ணம் தனியாக் காயுதுன்னுதானே கதவைத் தட்டுனீங்க? புரியுது. அந்தப் பழக்கத்தை இந்த ஊருக்குக் கொண்டாந்ததே நான்தான்.

ஆமாம்மா, உங்களுக்கு முன்னால இந்த வேலையைப் பாத்தவ நான். பிரசவம் பாத்துக்கிட்டுக் கிடந்தவளை கிராம ஆபீஸ்ல கூப்ட்டு, யார் யாருக்குக் காசநோய் இருக்குன்னு எழுதிட்டு வான்னாங்க. எவன் வாயைத் தெறப்பான்? கேட்டா ஜலதோஷம்பான், நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சும்பான். வெளிய தெரிஞ்சா அந்த வீட்டுல பொண்ணு எடுக்கவும் ஆள் வராது, குடுக்கவும் ஆள் வராது.

அதனால வாயால சொல்லவே வேணாம்னுட்டேன். சீக்காளியோட கிண்ணத்தையும் சாப்புடுற குச்சியையும் கொதிக்க வச்சு, கொல்லையில தனியாக் கவுத்துருங்க, போதும். நான் பாட்டுக்குப் பின்பக்கமா நடந்து போய் நோட்டுல குறிச்சுக்குவேன். கிஹாச்சி வீட்டுல மாமியாக்காரி கோவத்துல மருமக கிண்ணத்தைத் தூக்கித் தள்ளி வச்சிருக்கா. அது தெரியாம மூணு வாரம் அந்தப் பொண்ணுக்குச் சளி துப்புற ஜாடியும் மருந்துத் தண்ணியும் கொண்டு போய்க் குடுத்தேன். அவளுக்கு ஒரு சீக்கும் இல்ல, ஆளு கல்லுக்குண்டு மாதிரி இருந்தா.

ஆனா ஊருக்கே அது தெரிஞ்சு போச்சு. சம்பந்தம் பேச வர்றவங்களும் முதல்ல கொல்லைப்பக்கந்தான் எட்டிப் பாத்தாங்க.

அப்பத்தான் என் மூத்தவ தொமி பட்டு மில்லுலேர்ந்து வந்தா. மில்லுக்காரன் ஒரு பொண்ணை மூட்டை கட்டி அனுப்பிட்டாலே இந்த இருமலுக்குத்தான்னு உங்களுக்குத் தெரியாதா? அதே மாசம் சின்னவ யாயேக்கு வரன் வந்துருக்கு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க அக்கம்பக்கத்துல விசாரிச்சுக்கிட்டுத் திரியறாங்க.

ஒரு மாசந்தானேன்னு நினைச்சேன். எனக்கு, அவருக்கு, பிள்ளைங்களுக்குன்னு நாலு கிண்ணத்தையும் ஒண்ணாக் கழுவி ஒண்ணாக் கவுத்தேன்.

வீட்டுக்குள்ளயே தனியா வச்சிருக்கலாமேங்கறீங்களா? யாயேகிட்ட காரணம் சொல்லணுமே. யாராவது கேட்டா அவளுக்குப் பொய் சொல்ல வராதும்மா, காது செவந்துரும். அக்காவும் தங்கச்சியும் ஒரே போர்வைக்குள்ள சுருண்டு மில்லுக் கதை பேசிச் சிரிப்பாங்க. பக்கத்துலயே உக்காந்து, நான் கல்யாண கிமோனோ தைச்சுக்கிட்டிருந்தேன். ஊருக்கெல்லாம் தள்ளிப் படுங்கன்னு சொன்ன வாயி.

வரன் அமைஞ்சுது. கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள் இருக்கறப்போ யாயே இருமுனா. அதுக்கப்புறம் அவரும்.

இல்லம்மா, அழுகையெல்லாம் வரல. எப்பவோ நின்னு போச்சு. இந்தாங்க பழைய நோட்டு, இதுக்காகவும்தானே வந்தீங்க. எல்லா வீடும் சரியாத்தான் எழுதியிருக்கேன். என் வீட்டுக்கு நேரா மட்டும் ஒண்ணுமில்ல. நீங்களே எழுதிக்குங்க, மூணு பேரு.

அந்தக் கிண்ணமா? அது தனியா வச்சது இல்லம்மா. என்னோடதுதான். பக்கத்துல கவுக்க வேற கிண்ணம் இல்ல, அவ்வளவுதான்.