கணுக்காலில் ஒரு பிடி

இரவு ஒன்பது இருக்கும். பூர்க் டவுனிலிருந்து வரும் செம்மண் சாலை... எதிரே ஒரு விளக்குகூட இல்லை. வண்டியின் பின்னால் ஒரு பெஞ்சு தடதடத்துக்கொண்டே வந்தது.

நம்மோடு வேலை செய்கிற ரங்கி இருக்கிறானே, அவன் தங்கை புருஷன் டார்சிக்கு நடந்தது இது.

டார்சியும் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன்தான். குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. திங்கட்கிழமை சீசன் ஆரம்பம். "நிமிர முடிஞ்சா வா. இல்லைன்னா வீட்லயே கிட" என்று மேஸ்திரி லோர்னா சொல்லிவிட்டாள்.

பூர்க்கில் ஒரு பழைய சாமான் கடையில் முதுகுப் பயிற்சிக்கு இரண்டு பெஞ்சுகள் இருந்தன. ஒன்று தட்டையானது, மற்றது சரிவானது. கெட்ட முதுகுக்குச் சரிவுதான் நல்லது, பாரம் மெல்ல ஏறும். டார்சி அதையே எடுத்தான். ஆனால் கணுக்காலை அழுத்திப் பிடிக்கும் உருளையை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

"நான் எதுக்கு இருக்கேன், மாப்ளே? தங்கச்சியைக் கொடுத்த நாள்லேருந்து உன் காலைத்தானே பிடிக்கிறேன்!" என்று ரங்கி சிரித்தான்.

ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்குள் ரோமக் கொழுப்பின் வாடை. டார்சி பெஞ்சின் மெத்தையை இடுப்பெலும்புக்குக் கீழே பொருத்திக் குப்புறச் சாய்ந்தான். கணுக்காலில் பிடி விழுந்தது. இறங்கினான்... எழுந்தான். மெதுவாக, முதுகை வளைக்காமல். ஆச்சரியம், வலியே இல்லை!

"நல்லாப் பிடி, மச்சான்."

பிடி இறுகியது.

க்ரீச்... எதிரே கதவு திறந்தது. பலகைத் தரையில் பூட்ஸ் சத்தம். டார்சி தலையைத் தூக்கினான். இரண்டு கையிலும் டீக் கோப்பையோடு ரங்கி நின்றான்.

"டீ போட்டுட்டு வர்றேன்னு சொன்னேன்ல? அதுக்குள்ள என்ன அவசர..."

கோப்பைகள் விழுந்து உடைந்தன.

டார்சிக்குப் பின்னால் யாருமில்லை. ஆனால் அவன் கால்சட்டைத் துணி கணுக்காலில் கசங்கி, விரல் விரலாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"மாப்ளே... இறங்கு."

இறங்க முடியவில்லை. ரங்கி பாய்ந்து தோளைப் பற்றி முன்னால் இழுத்தான். பின்னாலிருந்தும் இழுப்பு. டார்சி அலறினான். பிறகு ஒரு சத்தம்... காய்ந்த குச்சி ஒடிவது போல.

திங்கட்கிழமை டார்சி டப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் ஊசியால் குத்திக்கொண்டே வந்தார். இடுப்பு... உணர்வில்லை. தொடை... இல்லை. முழங்கால்... இல்லை.

ஊசி கணுக்காலை நெருங்கியது.

"அங்க குத்த வேணாம், டாக்டர். நல்லாவே தெரியுது" என்றான் டார்சி. "அந்தக் கையை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."