மூணு வாட்டி வெந்த பல்

— கண்ணைத் திறந்து பாருங்க மாயகிருஷ்ணன். இந்த அம்மா பல்லு மேல நீங்க செஞ்ச கேப் உக்காந்திருக்கிற லட்சணத்தை! ஓரத்துல ஊசி உள்ள போகுது.

— பாத்துட்டுத்தான நிக்கேன் டாக்டரம்மா. வெறும் மெட்டலை ஊத்திக் கொண்டாந்து மாட்டுனப்ப, முடிகூட நுழையாதுன்னு சொன்னது நீங்கதான?

— சொன்னேன். அதுக்கப்புறம் லேப்ல என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க? அந்த இடுக்குல சோறு அடைச்சா உள்ள இருக்கிற பல் அழுகிடும். அராவி அராவி மிச்சமிருக்கிறதே ஒரு முளை. அதுவும் போனா முன்பல்லே போச்சு. நாளன்னைக்கு மக கல்யாணம் இவங்களுக்கு!

— ம்ம்... ம்ம்ம்!

— அசையாதீங்க வேலுத்தாயம்மா, பஞ்சு விழுந்துரும்.

— ஏன் விரிஞ்சுச்சுன்னு நான் சொல்லுதேன். மெட்டல் மேல செராமிக்கை ஏத்தி, தொள்ளாயிரம் டிகிரியில சுடுதோம். கலர் சரியில்லன்னு திருப்பி விட்டீங்க. செராமிக்கை எல்லாம் உதுத்துட்டு, புதுசா ஏத்தி மறுபடி சுட்டேன். இன்னும் வெள்ளை வேணும்னீங்க; மறுபடியும் உதுத்தேன், சுட்டேன். மூணு வாட்டி வெந்த மெட்டல் நெளிஞ்சு, ஓரம் வாயைப் பொளக்காம என்ன செய்யும்?

— புதுசா மெட்டல் ஊத்த வேண்டியதுதானே?

— ஊத்தியிருக்கணும், என் தப்புதான். ‘நாளைக்கே வேணும்’னு ஃபோன்ல கத்துனது யாரு? மொதக் கேப்ல என்ன குறை கண்டீங்க? பக்கத்துப் பல்லைப் பாத்துப் பாத்து, காவிக் கோடெல்லாம் அச்சு அசலா வரைஞ்சேன். ரெண்டு நாள் வேலை!

— கறையை எவராவது கேட்டு வாங்குவாங்களாய்யா? ‘வெள்ளையா போட்டுரவா’ன்னு கேட்டேன், இவங்களும் ‘ம்ம்’னாங்க.

— அவிய சொன்னாவளா?

— பின்ன? பஞ்சை எடுக்கிறேன், அவங்க வாயாலேயே கேட்டுக்கோங்க. சொல்லுங்கம்மா.

— ‘ம்ம்’னா சொன்னேன்? ‘ம்ஹூம்’னுல்லா சொன்னேன்! வாய் நெறையப் பஞ்சை அமுக்கி வச்சிட்டுக் கேட்டா உங்களுக்கு எப்படி வெளங்கும்? எங்க ஊரு பசுவந்தனைத் தண்ணியைக் குடிச்சுக் காவி ஏறுன பல்லு, எனக்கும் கறைதான், எம் மவளுக்கும் கறைதான். பல்லு கட்டுனதே தெரியாம அவ பக்கத்துல நின்னு சிரிக்கணும்னு நெனச்சேன். மொத மொத இந்தத் தம்பி கொண்டாந்தாரே, அதுதாம்மா எம் பல்லு. அதைப் போய் உதுத்துச் சுட வச்சிட்டீகளே!