கொஞ்சம் உருகினால் போதும்

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும். அவர்களுக்கு எதிரே, நிபோங் திபாலிலிருந்து கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் ஓர் அம்மாள்.

"என் மக யுனிவர்சிட்டி லேப்ல கல்லை உருக்குறா. அடுத்த வருசம் டாக்டராயிடுவா" என்றார் தாய். எந்த டாக்டர் என்று சொல்லவில்லை.

"கடவுளே அனுப்பி வச்ச மாதிரி இருக்குக்கா! இவருக்கும் கல்லுதான், கிட்னியில. முழுசா உருகிடுமா?"

மகள் இயர்போனைக் கழற்றினாள். "இல்ல ஆண்ட்டி, கொஞ்சம்தான் உருகும். மிச்சம் கெட்டியாவே இருக்கும்."

"கொஞ்சம் போதும்லா. மிச்சம் தானா போயிடும்."

"ஐயோ, இது பூமிக்கு ரொம்ப அடியில இருக்கற கல்லு ஆண்ட்டி. அது கொஞ்சம் உருகுனா எவ்வளவு பலம் இருக்கும்னு பாக்குறோம். நல்லா அழுத்தி, உள்ள சத்தத்தை அனுப்பி, அது போற வேகத்தை அளப்போம்."

"எங்க இருந்தா என்ன, கல்லு கல்லுதான். சத்தம் அனுப்புறது ஸ்கேன்தானே? இவருக்கும் எடுத்தாச்சு."

மகள் தாயைப் பார்த்தாள். தாய் கடலைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் படிப்பைப் பற்றிச் சொந்தக்காரர்கள்கூட இவ்வளவு அக்கறையாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஆண்ட்டி, ஆயிரம் டிகிரிக்கு மேல சூடாக்குவோம். மனுசன் தாங்க மாட்டான்!"

அந்த அம்மாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரு தாங்குவாரு கண்ணு. கல்யாணம் ஆனதுலேருந்து என்கூடத்தானே இருக்காரு."